வெளிமான் சிமுலேஷன்: மரபணுப் பன்மை சூத்திரத்தை விட வேகமாகக் குறைகிறது, உதவுங்கள்

கேள்வி (அடையாறு மாணவி):
கிண்டி தேசியப் பூங்கா போல நாலு பக்கமும் நகரம் சூழ்ந்த ஒரு காட்டில் வெளிமான்கள் மாட்டிக்கொண்டால் மரபணுப் பன்மை என்ன ஆகும் என்று பைத்தானில் ஓட்டிப் பார்க்கிறேன். எண்கள் கற்பனை: 50 மான்கள், 20 தலைமுறை, வெளியிலிருந்து வரவு இல்லை. தொடக்க ஹெட்டரோசைகோசிட்டி (ஒரு மரபணுவின் இரு பிரதிகளும் வேறு வேறாக இருக்கும் விகிதம்; பன்மைக்கு இதுதான் என் அளவுகோல்) 0.5. தலைமுறைக்கு 2N-இல் ஒரு பங்கு குறையும் (N என்பது மான்களின் எண்ணிக்கை) என்ற கணக்குப்படி 0.41-இல் நிற்க வேண்டும். எனக்கு 0.285 பக்கம் வருகிறது. ரேண்டம் சீடை (தற்செயல் எண்களின் தொடக்க எண்ணை) மாற்றினாலும், ஆயிரம் லோகஸுக்கு (மரபணு இடத்துக்கு) சராசரி எடுத்தாலும் அதேதான். ஒவ்வொரு குட்டிக்கும் 45 பெண்மான்களில் ஒன்று தாய், 5 ஆண்மான்களில் ஒன்று தந்தை. பிழை எங்கே?

வேளச்சேரி குமார்:
தாயிடம் ஒரு அல்லீல் (மரபணுவின் ஒரு பிரதி), தந்தையிடம் ஒரு அல்லீல் என்றுதானே எடுக்கிறீர்கள்?

அடையாறு மாணவி:
ஆமாம் அண்ணா, அதைச் சரிபார்த்துவிட்டேன்.

தாம்பரம் செல்வி:
கோட் சரியாக இருக்கிறதும்மா. சூத்திரத்தில் போட்ட 50-தான் பொருந்தாது. அங்கே தலைக்கணக்கு வராது, எஃபெக்டிவ் எண்ணிக்கைதான் வரும், அதாவது இதே வேகத்தில் பன்மையை இழக்கும் ஒரு சீரான கூட்டத்தின் அளவு. ஆண் × பெண் × 4, அதை மொத்தத்தால் வகுங்கள்: 4×5×45÷50 = 18. அப்போது தலைமுறைக்கு 36-இல் ஒரு பங்கு போகிறது. 20 தலைமுறைக்குப் போட்டால் உங்கள் 0.285 அப்படியே வரும்.

அடுத்த தலைமுறையின் பாதி மரபணு அந்த ஐந்து ஆண்கள் வழியாகத்தான் போயாக வேண்டும். வெளிமானில் இது நிஜமும்கூட. கறுத்த ஆண்மான் புல்வெளியில் ஓர் இடத்தைப் பிடித்து, சாணக் குவியலால் எல்லை போட்டுக் காக்கும். இடம் பிடிக்காத ஆண்களுக்குப் பெரும்பாலும் இணை கிடைக்காது.

எண்ணிக்கை ஏறி இறங்கினாலும் சாதாரண சராசரி எடுக்காதீர்கள், இசைச் சராசரி (தலைகீழிகளின் சராசரியைத் தலைகீழாக்கியது) எடுங்கள். 50, 50, 10 என்று மூன்று தலைமுறை போனால் அது சுமார் 21-தான். வட அமெரிக்க மேற்குக் கரையின் யானை சீல்கள் 19-ஆம் நூற்றாண்டு வேட்டையில் அழிவின் விளிம்புக்குப் போய், இன்று லட்சத்தைத் தாண்டிவிட்டன. மரபணுப் பன்மை மட்டும் இன்னும் மிகக் குறைவு. கணக்கெடுப்பில் எண் கூடியதும் நிம்மதி அடைகிறோமே, அதுதான் எனக்குக் கவலை.

அடையாறு மாணவி:
18 போட்டதும் வரைபடத்தில் சிமுலேஷன் கோடும் சூத்திரக் கோடும் ஒட்டிவிட்டன, நன்றி அக்கா! தலைமுறைக்கு ஒரு ஆண்மானை வெளியிலிருந்து விட்டால்?

தாம்பரம் செல்வி:
சரிவு நன்றாகவே மட்டுப்படும். ஆனால் வந்த மான் இணை சேர்ந்தால்தான் கணக்கில் சேரும். அதற்கு ஒரு நிகழ்தகவு வையுங்கள். 1, 0.5, 0.2 மூன்றுக்கும் ஓட்டி, வரைபடத்தை இங்கேயே போடுங்கள்.