சிங்கப்பூர் மாதிரி ஒரு அரசு கொழும்புக்குச் சரிவருமா?

காலிவீதிக்காரன்:
சுற்றிவளைக்காமல் கேட்கிறேன். 2025 பெப்ரவரி 19ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்ற அறைக்குள்ளேயே ஒரு கைதியைச் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவன் சட்டத்தரணி உடுப்பில் வந்தவன். நீதிமன்றத்துக்குள்ளேயே இந்த நிலைமை என்றால் ரோட்டில் போகிறவனுக்கு என்ன பாதுகாப்பு? இதற்குப் பிறகும் தனிமனித சுதந்திரம், அரசுக்குக் கடிவாளம் என்று கதைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

என் தங்கச்சி குடும்பம் சிங்கப்பூரில். இரவு பன்னிரண்டு மணிக்குத் தனியாக ரயிலில் வீட்டுக்கு வருவாள், யாரும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டார்கள். தமிழ் அங்கே அரசகரும மொழி. இன்றைய ஜனாதிபதியே யாழ்ப்பாண வேர் உள்ளவர். (சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் யூ அந்தக் காலத்தில் இலங்கையைப் பார்த்து ஏங்கிய கதையை நான் இழுக்கப் போவதில்லை. அதை எல்லாக் கல்யாண வீட்டிலும் யாராவது சொல்லி முடித்துவிட்டார்கள்.)

2022இல் நமக்குப் பேச்சுச் சுதந்திரம் தாராளமாக இருந்தது. அதை வைத்துக்கொண்டு பெற்றோல் வரிசையில் நின்றோம். காஸ் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டி, இடம் பிடித்துவைத்தோம். ஊர்வலம் போக அனுமதி இல்லாத, ஆனால் காஸ் தட்டுப்பாடும் இல்லாத நாடு எனக்குப் போதும். யாராவது மறுக்க முடியுமா?

புதுக்கடை கறுப்புக்கோட்:
மறுக்கிறேன் தம்பி. அதே கட்டடத்தில்தான் தினமும் நிற்கிறேன்.

அந்தத் துப்பாக்கி உள்ளே வந்தது எப்படி? சட்டப் புத்தகம் ஒன்றின் பக்கங்களை உள்ளுக்குள் வெட்டி, அதற்குள் வைத்துக் கொண்டுவந்தார்கள். சட்டத்தரணிகளின் பைகளை யாரும் ஒழுங்காகச் சோதிக்கவில்லை. இதில் அரசுக்கு எந்த அதிகாரம் குறைவாக இருந்தது? பயங்கரவாதத் தடைச் சட்டம் 1979இலிருந்து கையில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்ததை 1982இல் நிரந்தரமாக்கினார்கள். அமைச்சர் ஒரு கையெழுத்துப் போட்டால் வழக்கே இல்லாமல் மூன்று மாதம் உள்ளே. அதை நீட்டி நீட்டி 18 மாதம் வரை வைக்கலாம் என்று இருந்தது, 2022 திருத்தத்தில்தான் 12 ஆனது. அந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்தில் உள்ளவரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வாக்குமூலமே சாட்சியம். சாதாரணக் கொலை வழக்கில்கூட அது செல்லாது.

சிங்கராசா வழக்கைத் தேடிப் படியுங்கள். 1993இல் பிடிபட்டவர். வாக்குமூலம் எழுதப்பட்டது அவருக்குத் தெரியாத சிங்களத்தில், கீழே அவருடைய பெருவிரல் அடையாளம். அதை வைத்தே 50 வருடத் தண்டனை. மேன்முறையீட்டில் 35. ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் இது தவறு என்றது. அந்தக் கருத்து இங்கே கட்டுப்படுத்தாது என்று நம் உயர் நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது.

இவ்வளவு பலம் உள்ள அரசால் ஒரு புத்தகத்தைத் திறந்து பார்க்க முடியவில்லை. நீங்கள் இன்னும் கொஞ்சம் பலம் கொடுக்கச் சொல்கிறீர்கள்.

காலிவீதிக்காரன்:
சட்டத்தரணி ஐயா, சிங்கப்பூரிலும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே. அங்கும் வழக்கில்லாமல் அடைக்கலாம். ஆனால் அவர்கள் அதை அளவோடு பாவிக்கிறார்கள். குறை சட்டத்தில் இல்லை, நம்மவர்களின் கையில்.

புதுக்கடை கறுப்புக்கோட்:
அளவோடா? 1963 பெப்ரவரியில், அந்தச் சட்டத்துக்கு முன்னிருந்த அதே மாதிரிச் சட்டத்தில், ஒரே இரவில் நூற்றுக்கு மேற்பட்ட எதிர்க்கட்சிக்காரர்கள், தொழிற்சங்கக்காரர்களை அள்ளிக்கொண்டு போனார்கள். சியா தை போ என்ற பாராளுமன்ற உறுப்பினரை 1966இல் பிடித்து 1989 வரை விசாரணையே இல்லாமல் வைத்திருந்தார்கள். பிறகு சென்டோசாத் தீவில் ஒரு வீட்டில். உல்லாசப் பயணிகள் போகிற அதே சென்டோசாதான். கடைசிக் கட்டுப்பாடு நீங்கியது 1998இல்.

இன்னொன்று. 1988 டிசம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தடுப்புக்காவலில் இருந்த சிலரை விடுவித்தது. விட்ட கையோடு மறுபடி பிடித்தார்கள். அடுத்த மாதமே, 1989 ஜனவரியில், அரசியலமைப்பையும் சட்டத்தையும் திருத்தி, தடுப்புக்காவலுக்கான காரணத்தை நீதிமன்றம் ஆராய முடியாதபடி ஆக்கினார்கள். தங்கச்சி ரயிலில் பத்திரமாக வருவது நல்ல விஷயம்தான். ரயில் ஓட இதெல்லாம் வேண்டியிருந்ததா என்பதுதான் என் கேள்வி.

ஈஸ்ட்ஹாம் மாமா:
நான் லண்டன் பக்கம். எண் ஒன்று சொல்கிறேன். 2005 நவம்பரில், லண்டனில் குண்டு வெடித்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது, டோனி பிளேயர் அரசு ஒருவரை 90 நாள் வழக்கில்லாமல் வைத்திருக்க அதிகாரம் கேட்டது. 322க்கு 291 என்று தோற்றது. அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே எதிர்த்துப் போட்டார்கள். 28 நாள் கொடுத்தார்கள், 2011இல் அதையும் 14 ஆக இறக்கினார்கள். இங்கே பிரதமரே கேட்டும் கிடைக்காத 90 நாள், இலங்கையில் ஒரு தடுப்புக்காவல் உத்தரவின் முதல் தவணை.

அதற்காக மேற்கு நாடு சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. இங்கே தெருவுக்குத் தெரு கமரா. அமெரிக்கா பேச்சுச் சுதந்திரத்தின் கோயில் என்பார்கள். 2010இல் அதன் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது, நம்மவர்கள் சம்பந்தப்பட்டதே. புலிகளுக்கும் குர்திஸ் இயக்கத்துக்கும் சமாதான வழியில், ஐ.நா.வில் மனுக் கொடுப்பது எப்படி என்று கற்றுக்கொடுத்தாலும் அது பயங்கரவாதத்துக்கு உதவி என்று 6க்கு 3 பெரும்பான்மையில் முடிவு செய்தார்கள். துவக்கை விட்டுவிட்டு மனு எழுது என்று சொல்வதும் குற்றம்!

காலிவீதிக்காரன்:
பார்த்தீர்களா, எல்லாரும் ஒரே குட்டையில் ஊறிய மட்டைதான். அப்படியென்றால் பாதுகாப்பாவது தருகிற நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் என்ன பிழை?

சரி, நடைமுறையாக ஒன்று கேட்கிறேன், தத்துவம் வேண்டாம். 2018 மார்ச்சில் கண்டிப் பக்கம் திகனையில் முஸ்லிம்களின் கடைகளையும் பள்ளிவாசல்களையும் எரித்தார்கள். ஆட்களைத் திரட்டியது பேஸ்புக்கிலும் வட்ஸ்அப்பிலும். 2020இல் பேஸ்புக் நிறுவனமே தன் தளம் தவறாகப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது. அரசு ஏறக்குறைய ஒரு வாரம் எல்லாவற்றையும் முடக்கியது. நீங்கள் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் முடக்கியிருப்பீர்களா, இல்லையா? ஆம் அல்லது இல்லை.

மருதானை நானா:
தம்பி, எங்கட ஆட்களின் கடை எரிந்ததைச் சொல்லிக் கேட்கிறீர்கள், ஆகவே நான் பதில் சொல்கிறேன். ஆம், முடக்கியிருப்பேன். ஆனால் போனை முடக்கியதால் மட்டும் திகனையில் கூட்டம் கலைந்துவிடவில்லை. அவசரகாலம், ஊரடங்கு எல்லாம் போட்ட பிறகும் கடை எரிந்தது. பொலிஸ் கண்முன்னால் எரிந்த கதையை அந்த ஊர்க்காரர்களிடம் கேளுங்கள்.

அடுத்த வருடம் உயிர்த்த ஞாயிறு. இந்தியாவிலிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே தகவல் வந்தது. குண்டு வெடித்தது 21ஆம் திகதி. அதிகாரமும் இருந்தது, தகவலும் இருந்தது. அன்றைய ஜனாதிபதி தன் கையிலிருந்து 10 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 2023 ஜனவரியில் தீர்த்தது.

குண்டுக்குப் பிறகு அரசு மும்முரமாக வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். ஹசலக்கவில் ஒரு பெண்ணைப் பிடித்தார்கள், உடுப்பில் தர்மசக்கரம் போட்டிருக்கிறாள் என்று. அது கப்பல் சுக்கான். மன்னார்ப் பக்கம் அஹ்னாப் ஜஸீம் என்ற இளம் கவிஞரை 2020 மே மாதம் பிடித்தார்கள், கவிதைப் புத்தகம் எழுதியதற்காக. தமிழ்க் கவிதை. படித்தவர்களுக்குத் தெரியும் அது தீவிரவாதத்துக்கு எதிரானது என்று. பிணை கிடைக்க 2021 டிசம்பர் ஆனது.

பிறகு ஜனாஸா எரிப்பு, அதாவது எங்கட ஆட்களின் உடல்களை எரித்தது. கொவிட்டில் மௌத்தானவர்களைப் புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்ன பிறகும் இங்கே 2020 ஏப்ரலில் வர்த்தமானி போட்டு எரித்தார்கள். பிறந்து இருபது நாளான பிள்ளையையும். பொரளை மயான கேற்றில் ஆட்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், ஞாபகம் இருக்கும். இரவோடு இரவாக அவிழ்த்துவிட்டார்கள். மறுநாள் திரும்பக் கட்டினோம். 2021 பெப்ரவரி கடைசியில்தான் தடை நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. கேட்டது நல்லது. எரிந்தது எரிந்ததுதான்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். அந்த வர்த்தமானி போட்ட அரசு பலம் குறைந்த அரசா?

காலிவீதிக்காரன்:
நானா, அது இனவாதம். அதை நானும் எதிர்க்கிறேன். பலமான அரசு வேறு, இனவாத அரசு வேறு.

பம்பலப்பிட்டி அக்கா:
தம்பி, அது வேறு இது வேறு என்று நீங்கள் பிரிக்கிறீர்கள். அதிகாரத்தைக் கையில் வைத்திருப்பவர் பிரிக்க மாட்டார். 2018இல் கலவரத்தை அடக்க அமத்திய அதே பட்டனை 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் ஊர்வலம் போகாமல் இருக்க அமத்தினார்கள். அன்றே பிற்பகல் திறக்க வேண்டி வந்தது, ஏனென்றால் மனித உரிமைகள் ஆணைக்குழு எந்தச் சட்டத்தின் கீழ் மூடினீர்கள் என்று கேட்டது. எங்கள் வீட்டில் பன்னிரண்டு வயதுப் பிள்ளை பத்து நிமிடத்தில் வி.பி.என். போட்டுக் கொடுத்துவிட்டது, அது தனிக் கதை.

காலிமுகத்திடல் போராட்டம் முடிந்த பிறகு 2022 ஓகஸ்டில் சிங்கள மாணவர் தலைவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் மாதக்கணக்காக வைத்தார்கள். நாற்பது வருடம் அந்தச் சட்டம் தமிழனுக்கும் பிறகு முஸ்லிமுக்கும் என்று இருந்தபோது தெற்கில் பெரிதாகச் சத்தமில்லை.

ஹட்டன்_டு_வத்தளை:
அண்ணே, நானும் ஒன்று சொல்லலாமா? எல்லாரும் பேசுவது விலாசம் உள்ளவர்களின் சுதந்திரம்.

2007 ஜூன் 7 விடியற்காலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களில் இருந்த தமிழர்கள் 300க்கும் மேற்பட்டவர்களை பஸ்ஸில் ஏற்றி வவுனியா பக்கம் அனுப்பினார்கள். காரணம், கொழும்பில் தங்க "தகுந்த காரணம்" இல்லையாம். வைத்தியத்துக்கு வந்தவர்கள், வெளிநாடு போக பாஸ்போர்ட்டுக்கு நின்றவர்கள். காலிவீதி அண்ணே, உங்கள் வீதியில்தான் நடந்தது. அப்போது என் மாமா புறக்கோட்டைக் கடையொன்றில் மூட்டை தூக்கினார். அடையாள அட்டையில் நுவரெலியா விலாசம் என்பதால் தப்பினார். ஆனாலும் ஒரு மாதம் கடைக்குள்ளேயே சாக்கின்மேல் படுத்தார், வெளியில் இறங்கவில்லை.

சிங்கப்பூருக்கு வருகிறேன். என் அண்ணன் அங்கே கட்டட வேலை. லொறியின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறான். 2013 டிசம்பரில் லிட்டில் இந்தியாவில் கலவரம் நடந்த பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களை நாடுகடத்தினார்கள், பலருக்கு வழக்கே இல்லை. உங்கள் தங்கச்சியும் என் அண்ணனும் ஒரே ஊரில்தான் இருக்கிறார்கள். தமிழ் அரசகரும மொழிதான், ஆனால் வேர்க் பெர்மிட்டை முதலாளி ரத்துச் செய்தால் எந்த மொழியில் கேட்பது?

காலிவீதிக்காரன்:
தம்பி சொன்ன லொட்ஜ் விஷயம் எனக்குத் தெரியும், அந்த பஸ்களைப் பார்த்தவன் நான். ஆனால் அதை நிறுத்தியது யார்? அடுத்த நாளே உயர் நீதிமன்றம் தடையுத்தரவு போட்டது. அப்போ இங்கே அரசை நிறுத்த வழி இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

என் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை. சிங்கப்பூரில் அமைச்சராக இருந்த ஈஸ்வரனுக்கு 2024 ஒக்டோபரில் 12 மாதச் சிறை. தமிழர், பெரிய ஆள், அன்பளிப்பு வாங்கினார் என்று உள்ளே. நான் கேட்கும் பலம் அதுதான். மேலே இருப்பவனைப் பிடிக்கிற பலம்.

புதுக்கடை கறுப்புக்கோட்:
அந்தப் பலத்தை நானும் கேட்கிறேன், கைகொடுங்கள். ஆனால் ஈஸ்வரனைப் பிடித்தது உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டமில்லை. ஊழல் விசாரணைப் பணியகம், குற்றப்பத்திரம், திறந்த நீதிமன்றம், தண்டனைக் கோவை. நமக்கு 90 நாள் உத்தரவு எதற்கு?

லொட்ஜ் வழக்கில் ஒரு நாளில் உத்தரவு வந்தது உண்மை, அது அபூர்வம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் நீங்கள் ஒரு மாதத்துக்குள் மனுப் போட வேண்டும், பிந்தினால் கதவு மூடி. ரணில் பதில் ஜனாதிபதியாக 2022 ஜூலை 17இல் போட்ட அவசரகாலப் பிரகடனம் உரிமைகளை மீறியது என்று தீர்ப்பு வந்தது 2025 ஜூலையில், அதுவும் 2க்கு 1. குடிமகனுக்கு ஒரு மாதம், நீதிமன்றத்துக்கு மூன்று வருடம். நிறைவேறிய சட்டம் அரசியலமைப்புக்கு முரண் என்று தள்ளிவைக்கவும் நம் நீதிமன்றத்தால் முடியாது, 80(3)ஆம் உறுப்புரை விடாது. இந்தியாவில் 2015இல், இணையத்தில் எழுதுவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை அப்படியே தூக்கி எறிந்தார்கள். இங்கே இணையப் பேச்சைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 2024 ஜனவரியில் பாராளுமன்றத்தில் கை உயர்த்தியதோடு சரி.

பம்பலப்பிட்டி அக்கா:
இனி டிஜிட்டல் அடையாள அட்டை வேறு வரப்போகிறது. நான் எதிர்க்கவில்லை. எஸ்தோனியாவில் என் தகவலை எந்த அதிகாரி எப்போது பார்த்தார் என்று நானே இணையத்தில் பார்க்கலாம். இங்கே அந்தப் பக்கம் திறந்திருக்குமா? சிங்கப்பூர் கொவிட் செயலியின் தரவு தொற்றைத் தேட மட்டும் என்றார்கள், 2021 ஜனவரியில் பொலிஸும் எடுக்கலாம் என்று பாராளுமன்றத்தில் ஒத்துக்கொண்டார்கள். ஆனால் அங்கே சத்தம் வந்ததும் ஒரு மாதத்தில் சட்டம் போட்டுப் பாரதூரமான குற்றங்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். காலிவீதித் தம்பிக்கு இந்த ஒரு புள்ளி தருகிறேன்.

காலிவீதிக்காரன்:
ஒரு புள்ளியாவது கிடைத்ததே அக்கா, நன்றி. சட்டத்தரணி ஐயாவிடம் கடைசியாக ஒன்று. மூன்று வருடம் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டிய நாட்டில், சாமானியன் பலமான ஆளைத் தேடாமல் வேறு என்ன செய்வான்?

புதுக்கடை கறுப்புக்கோட்:
நியாயமான கேள்வி. என் கட்சிக்காரர் ஒருவரின் மனு நாளை ஏழாவது தடவையாகக் கூப்பிடப்படுகிறது. போய்விட்டு வந்து எழுதுகிறேன்.