கைத்துப்பாக்கில ரெட் டாட் (கண்ணாடில ஒளிப்புள்ளி காட்டுற சைட்) போட்டா நிஜமாவே லாபம் இருக்கா?

டல்லாஸ்வாசி:
க்ளாக் 19 எம்ஓஎஸ் (ரெட் டாட் மாட்ட வசதியுள்ள பிஸ்டல்) வச்சிருக்கேன், லீவு நாள்ல ரேஞ்சுக்குப் போவேன். வயசு 45 தாண்டிடுச்சு, முன் சைட் (பேரல் முனையில குறிபார்க்குற மேடு) மங்கலாத்தான் தெரியுது, ரீடிங் கிளாஸ் போட்டா சைட் தெரியுது ஆனா டார்கெட் போயிடுது. இங்க பாதிப் பேர் துப்பாக்கில ரெட் டாட்தான். 300 டாலர் கொடுக்கலாமா, இல்ல சும்மா ஃபேஷனா?

குறிகாரன்:
உங்க வயசுக்குத்தான் சார் அது ரொம்ப யூஸ். அயன் சைட்ல (துப்பாக்கி மேலயே இருக்குற சாதா சைட்) பின் சைட், முன் சைட், டார்கெட்னு மூணும் மூணு தூரத்துல இருக்கு, கண்ணு ஒண்ணுலதான் ஃபோகஸ் ஆகும். டாட்ல டார்கெட்ட மட்டும் பாத்தா போதும், ரெண்டு கண்ணும் திறந்தே இருக்கலாம், புள்ளி கண்ணாடி ஓரத்துல இருந்தாக்கூட குண்டு கிட்டத்தட்ட அங்கதான் போகும். 25 கஜத்துல உங்க முன் சைட் நாலஞ்சு இஞ்ச மறைச்சிடும், 3.25 எம்ஓஏ (புள்ளி சைஸச் சொல்ற கோண அளவு) புள்ளி ஒரு இஞ்ச்கூட மறைக்காது. அப்புறம் வீட்ல குண்டு இல்லாம ட்ரை ஃபயர் பண்ணும்போது ட்ரிகர இழுக்குறப்ப புள்ளி துள்ளுறதப் பாருங்க, நம்ம வண்டவாளம் அப்பத்தான் தெரியும் 😄

பழையஆள்:
5 கஜத்துல சுடுறவருக்கு இதெல்லாம் வேணுமா? மொதல்ல கொஞ்ச நாள் புள்ளியத் தேடிட்டே நிப்பீங்க, முன் சைட்டத் தேடுற பழக்கத்துல பேரல் மேல தூக்கிக்கும், புள்ளி கண்ணாடிய விட்டே ஓடிடும். பேட்டரியையும் பாத்துக்கணும், ஆர்எம்ஆர்ங்கிற ரெட் டாட் மாடல் மாதிரி அடியில பேட்டரி இருக்குறதுல அத மாத்த சைட்டயே கழட்டி மாட்டி திரும்ப ஜீரோ (புள்ளி இருக்குற இடத்துல குண்டு படுதான்னு) செக் பண்ணணும். ஹோலோசன் 507சி மாடல்ல பக்கவாட்டுல மாத்திக்கலாம், அந்த வம்பு இல்ல. எது வாங்குனாலும் உயரமான அயன் சைட் போட்டுக்கோங்க, டாட் அணைஞ்சா அதுதான் கை கொடுக்கும்.

கோவைஷூட்டர்:
நாங்க 10 மீட்டர் ஏர் பிஸ்டல், ஐஎஸ்எஸ்எஃப் (உலக ஷூட்டிங் சம்மேளனம்) விதில ஓப்பன் சைட், அதாவது அயன் சைட் மட்டும்தான். கோச் முன் சைட்டப் பாரு, டார்கெட் மங்கலாவே இருக்கட்டும்னு கத்துவார், நீங்க அப்படியே உல்டாவா சொல்றீங்களே!

டல்லாஸ்வாசி:
எனக்கு சிலிண்டர் பவர் வேற இருக்கு, கடைல ஒண்ணு எடுத்துப் பாத்தேன், புள்ளி வால் முளைச்ச மாதிரி தெரிஞ்சுது, பீஸே கோளாறா?

குறிகாரன்:
போன் கேமராவ அது வழியா வச்சு ஒரு போட்டோ எடுங்க. போட்டோல உருண்டையா இருந்தா சைட் ஓகே, உங்க கண்ணுதான். புள்ளியோட வெளிச்சத்தக் குறைச்சா வால் சுருங்கும், சிலருக்குப் பச்சைப் புள்ளி ஒத்துக்குது. தூரத்துப் பவர் கண்ணாடியப் போட்டுட்டே பாருங்க, ரீடிங் கிளாஸ் வேண்டாம். வாங்குறதுக்கு முன்னாடி ரேஞ்சுல வாடகைக்கு ஒண்ணு எடுத்து சுட்டுப் பாத்துடுங்க சார்.