காஸ்க் ஏல் (பீப்பாயிலேயே ஈஸ்ட்டோடு பக்குவமாகும் பீர்) தெளியவே மாட்டேன் என்கிறது, யாராவது வழி சொல்லுங்கள்

பப் நிலவறையில் ஒரு ஃபர்கின் பீப்பாய், 9 கேலன் (சுமார் 41 லிட்டர்). வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸ். படுக்கவைத்து, ஆடாமல் ஆப்பு கொடுத்து, மென்மர ஸ்பைல் (வாயுவை வெளியேறவிடும் சிறு மர முளை) அடித்தோம். நுரை அடங்கியதும் கடின ஸ்பைலுக்கு (வாயுவை அடைக்கும் முளை) மாற்றியாச்சு. 48 மணி நேரமாகியும் கிளாஸில் கலங்கல்.

குளிர்க் கலங்கல் இல்லை. கிளாஸை அறை வெப்பத்துக்கு விட்டும் தெளியவில்லை. ஈஸ்ட்தான். வண்டியில் சூடேறி ஐசிங்கிளாஸ் (ஈஸ்ட்டை அடியில் படியவைக்கும் பொருள், மீனின் காற்றுப்பையில் எடுப்பது) செத்திருக்குமோ?

பீப்பாயை உருட்டி மறுபடி படியவிடலாமா, புதிதாக ஐசிங்கிளாஸ் சேர்க்கலாமா? சேர்த்தால் எவ்வளவு?

லாகருக்கு (ஆலையிலேயே வடிகட்டி வரும் பீர்) இந்தத் தொல்லையே கிடையாது. 'மற்ற பீர்கள் எட்டாத பாகங்களுக்கும் புத்துணர்ச்சி தரும்' என்று ஹைனெகன் 1970களில் பிரிட்டனில் நக்கலடித்து விளம்பரம் செய்தது சும்மாவா!