கோத் மக்களும் ஒரு கலைக்களஞ்சியமும்

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
அனைவருக்கும் வணக்கம். பெரியசாமித் தூரன் முதன்மைப் பதிப்பாசிரியராக இருந்து, 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிக்கொணர்ந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தை, நம் கொங்கு மண்ணில் பிறந்தவர் செய்த பணி என்ற பெருமையோடு மாணவர்களுக்குக் காட்டினேன். இப்படி எல்லாத் துறைகளையும் பழங்காலத்தில் யார் தொகுத்தார்கள் என்று ஒரு மாணவி கேட்டாள். கோத் அரசர்களின் ஆட்சியில் ஸ்பெயினில் வாழ்ந்த, செவில் நகரத்து ஆயரான (பிஷப்) இசிதோரையும், சொற்களின் பிறப்பை வைத்து எல்லாத் துறைகளையும் விளக்கும் அவருடைய ‘எதிமோலோகியே’ என்ற லத்தீன் நூலையும் சொன்னேன். “410இல் ரோமைச் சூறையாடியவர்கள் அல்லவா அவர்கள்?” என்று மடக்கிவிட்டாள். அந்த ஜெர்மானிய இனத்துக்கும் அந்நூலுக்கும் என்ன தொடர்பு?

மறுமொழி (ஈரோடு):
மாணவி கேட்டது சரிதான், ஐயா. ஆனால் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு, அதே மேற்குக் கோத்துகள் தொலேதோவைத் தலைநகராகக் கொண்டு ஸ்பெயினை ஆண்டபோதுதான் இசிதோர் தம் நூலைத் தொகுத்தார். அதன் தொடக்க வடிவத்தை சிசெபூத் என்ற கோத் அரசருக்கே காணிக்கையாக்கினார். அந்த அரசரும் கிரகணத்தைப் பற்றி லத்தீனில் கவிதை எழுதியவர். சேந்தன் பெயரைத் தாங்கிய திவாகர நிகண்டை அறிந்த நமக்கு, புரவலரின் பெயரோடு இணைந்த தொகுப்புநூல் புதிதல்ல. 636இல் இசிதோர் மறைந்தார்; அவருடைய நண்பர் பிராவுலியோ அதை இருபது பகுதிகளாகப் பிரித்து ஒழுங்குபடுத்தினார். இலக்கணத்தில் தொடங்கும் அந்நூலின் கடைசிப் பகுதியில் உழவுக் கருவிகளும் வருகின்றன. மண்ணை உமிழ்வதால்தான் கலப்பையின் கொழுவுக்கு லத்தீனில் ‘வோமெர்’ என்ற பெயர் வந்திருக்கலாம் என்று அவர் எழுதும் இடத்தில், ஏர் பிடித்துப் பழகியவர்கள் சற்று நின்றுதான் படிப்பார்கள்.

மறுமொழி (பெருந்துறை):
மேலே நண்பர் சொன்னதோடு ஓர் எச்சரிக்கையையும் சேர்க்க வேண்டும். கோத் என்ற பெயர், விவிலியத்தில் வரும் மாகோகு என்பவனிடமிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது என்று இசிதோர் எழுதுகிறார். கடைசி அசை ஒத்திருப்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். பழந்தமிழில் ‘கொங்கு’ தேனையும் பூந்தாதையும் குறிப்பதால் நம் நாட்டுக்கு அப்பெயர் வந்தது என்று நாமும் விரும்பிச் சொல்கிறோம். ஆனால் ஒலி ஒத்துப்போவது மட்டும் வரலாற்றுச் சான்றாகிவிடாது. ஆகவே கோத்துகளின் தோற்றத்துக்கு அந்நூலை ஆதாரமாகக் கொள்ளாதீர்கள்; அவர்கள் ஆண்ட நாட்டில் கற்றறிந்த ஓர் ஆயர் அவர்களை எப்படிப் பார்த்தார் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. நாளை வகுப்பில் கொழுவிலிருந்தே தொடங்குகிறேன். அந்த மாணவியின் வீட்டில் இன்னும் மரக்கலப்பை இருக்கிறது.