மறு: கோர்ப்பரேட் கவர்னன்ஸ்: 'நிறுவன ஆளுகை' என்று வைப்போமா?

எல்லோருக்கும் வணக்கம்.

யாழ்ப்பாணத்தில் வணிகப் பிரிவு மாணவர்களுக்குப் படிப்பிக்கிறேன். 'கோர்ப்பரேட் கவர்னன்ஸ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம்; அந்தச் சொல் வகுப்பில் அடிக்கடி தேவைப்படுகிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

> கம்பனி நிர்வாகம் என்றாலே போதாதா? எல்லோருக்கும் விளங்குமே.

விளங்கும், ஆனால் வேறொன்றாக விளங்கும். நிர்வாகம் என்பது கம்பனியை நடத்துவது. இங்கே முகாமைத்துவம் என்போம். நாம் பெயர் தேடுவது, நடத்துகிறவர்களை யார் கேள்வி கேட்பது, எந்த அதிகாரத்தோடு கேட்பது என்ற ஏற்பாட்டுக்கு. கம்பனிகள் நெறிப்படுத்தப்பட்டும் கட்டுப்படுத்தப்பட்டும் வருகிற முறைமை என்று 1992இல் பிரித்தானியாவின் கட்பரி குழு சொன்ன வரைவிலக்கணத்தைத்தான் இன்றும் எடுத்தாள்கிறார்கள். எங்கள் ஊர்க் கோயிலில் பரிபாலன சபை பூசை செய்வதில்லை. பூசை செய்ய ஐயரை வைக்கிறது, வரவு செலவைக் கேட்கிறது, பிறகு அதே கணக்கோடு உபயகாரர் முன்னால் நிற்கிறது. இரண்டு வேலைக்கும் ஒரே பெயர் வைத்தால் மாணவருக்குப் பாடமே பிடிபடாது.

இந்தியாவின் சத்யம் என்ற மென்பொருள் கம்பனியை நினைத்துப் பாருங்கள். 2008 டிசெம்பரில் தலைவரின் குடும்பத்தார் கையிலிருந்த இரண்டு மேட்டாஸ் கம்பனிகளை 160 கோடி டொலருக்கு வாங்கப் பணிப்பாளர் சபை ஒப்புதல் கொடுத்தது. சபையில் கம்பனியோடு வேறு தொடர்பில்லாத சுயாதீனப் பணிப்பாளர்களும் இருந்தார்கள். பங்குதாரர் கொதித்தெழ, சில மணி நேரத்திலேயே அதைக் கைவிட்டார்கள். 2009 ஜனவரி 7இல் தலைவரே கணக்குகள் பொய் என்று எழுதிக்கொடுத்தார். இருப்பதாகக் காட்டிய காசில் 5,000 கோடி இந்திய ரூபாவுக்கு மேல் இல்லவே இல்லை. அதற்குச் சில மாதம் முன்புதான் நல்ல கோர்ப்பரேட் கவர்னன்ஸுக்கென்று சர்வதேச விருது ஒன்று அந்தக் கம்பனிக்குக் கிடைத்திருந்தது. நிர்வாகம் அங்கே மும்முரமாக நடந்துகொண்டுதான் இருந்தது. கேள்வி கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

> இலங்கையில் 'கூட்டாண்மை ஆளுகை' ஏற்கெனவே புழங்குகிறதே?

ஆம், எங்கள் மத்திய வங்கி ஆவணங்களிலும் வருடாந்த அறிக்கைகளிலும் அதுதான். பழகிய சொல்லை மாற்றுவது எனக்கும் விருப்பமில்லை. ஆனால் தமிழ்நாட்டுப் பாடநூலில் கூட்டாண்மை என்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து நடத்தும் தொழில். நாங்கள் பங்குடமை என்போமே, அது. அதில் முதல் போட்டவர்களே பெரும்பாலும் முன்னால் நின்று நடத்துவார்கள். நம் சொல்லுக்குள் இருக்கிற சிக்கலோ, ஒருவர் காசை இன்னொருவர் ஆள்வதால் வருவது. அந்தச் சிக்கல் குறைவாக உள்ள அமைப்பின் பெயரையே முன்னால் வைத்தால் அக்கரை வாசகர் முதல் வரியிலேயே வழி தவறிப்போவார்.

> அப்படியானால் 'கம்பனி ஆளுகை'?

இதைத்தான் முதலில் நானும் விரும்பினேன். கம்பனியை ஆளுகை என்றும் விரிக்கலாம், கம்பனியின் ஆளுகை, அதாவது கம்பனி ஆள்வது, என்றும் விரிக்கலாம். வேறு ஊரில் இது இலக்கணக் கேள்வி மட்டும். யாழ்ப்பாணத்தைக் கம்பனியே ஆண்டிருக்கிறது. 1658இல் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்ததும், 1707இல் யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைத் தொகுப்பித்ததும், 1795இல் ஆங்கிலேயரிடம் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்ததும் ஒல்லாந்தர் கிழக்கிந்தியக் கம்பனி.

அந்தக் கம்பனியின் கதை நம் சொல்லுக்கு நேராகப் பொருந்துவதால் சொல்கிறேன். 1602இல் பொதுமக்களிடம் பங்கு விற்றுத் தொடங்கினார்கள். மேலே 'பதினேழு கனவான்கள்' என்ற சபை. பத்தாண்டு முடிவில் கணக்குக் காட்டுவதாகச் சாசனம் சொன்னது, காட்டவில்லை. ஐசாக் லெ மயர் என்ற பெரிய பங்குதாரர் 1609இலேயே எழுத்தில் முறையிட்டார். 1622இல் பங்குதாரர் துண்டுப்பிரசுரம் அச்சிட்டுக் கணக்குக் கேட்டார்கள். அடுத்த ஆண்டு புதுப்பித்த சாசனம் பெரிய பங்குதாரருக்கு மட்டும் ஓரளவு மேற்பார்வை உரிமை கொடுத்தது. அதிகாரிகள் சொந்த வியாபாரம் செய்ததும் கடன் ஏறியதும் நிற்கவில்லை. 1799இன் முடிவோடு கம்பனியே இல்லாமல் போனது. இங்கே யானை ஏற்றுமதியிலும் முத்துச் சலாபத்திலும் (முத்துக்குளிப்பு) வந்த வருமானமும் அந்தக் கணக்குகளில்தான் போய்ச் சேர்ந்தது.

ஆகவே 'கம்பனி ஆளுகை' என்றால் எங்கள் மாணவர் வரலாற்றுப் பாடத்தை நினைப்பதில் நியாயம் இருக்கிறது. கூட்டுறவுச் சங்கத்துக்கும் அந்தச் சொல் பொருந்தாது.

என் பரிந்துரை நிறுவன ஆளுகை. 'பெருநிறுவன ஆளுகை' என்று 'பெரு' என்ற ஒட்டைச் சேர்க்க வேண்டாம், சின்னக் குடும்பக் கம்பனிக்கும் இந்தக் கடமை உண்டு. இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் பணிப்பாளரின் கடமைகளைச் சொல்லும்போது பெரியது சிறியது பார்ப்பதில்லை.

ஆளுகையை விடக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணம் தொழில்நுட்பம். மின்னாளுகை வந்துவிட்டது, தரவு ஆளுகை வந்துவிட்டது, இப்போது செயற்கை நுண்ணறிவு ஆளுகை என்று எழுதத் தொடங்கியிருக்கிறோம். 2012 ஓகஸ்ட் 1இல் நியூயோர்க் பங்குச் சந்தையில் நைட் கப்பிட்டல் நிறுவனத்தின் தானியங்கி வர்த்தக மென்பொருள் எட்டு வழங்கிகளில் (சேர்வர்) ஒன்றில் மட்டும் புதுப்பிக்கப்படாமல் கிடந்தது. பழைய நிரல் உயிர்பெற்று, முக்கால் மணி நேரத்தில் 44 கோடி டொலருக்கு மேல் நட்டம். அதைத் தொழில்நுட்பப் பிரிவின் தவறு என்று ஒழுங்குபடுத்துநர் விட்டுவிடவில்லை; இடர் கட்டுப்பாடு போதாது என்று நிறுவனத்துக்கே அடுத்த ஆண்டு 1.2 கோடி டொலர் தண்டம் விதித்தார்கள். முடிவை இயந்திரம் எடுத்தாலும் பதில் சொல்வது சபைதான் என்பதால், இந்தப் புதிய துறைகளுக்கும் பழைய துறைக்கும் ஒரே வேர்ச்சொல் இருப்பது நல்லது.

துணைச்சொற்கள்: பொறுப்புக்கூறல், சுயாதீனப் பணிப்பாளர் (தமிழ்நாட்டில் இயக்குநர்), கணக்காய்வுக் குழு (அங்கே தணிக்கை), நலன் முரண்பாடு, தொடர்புற்ற தரப்புக் கொடுக்கல் வாங்கல். இவற்றில் இரு கரை வழக்கையும் அருகருகே தரலாம் என்பது என் எண்ணம். உள்ளே நடக்கும் முறைகேட்டை வெளியே சொல்கிற ஊழியருக்குத்தான் இன்னும் சரியான பெயர் கிடைக்கவில்லை. 'காட்டிக்கொடுப்பவர்' என்று யாரும் எழுதிவிடாதீர்கள், இங்கே அது மிகக் கனமான சொல். 'முறைகேடு உரைப்போர்' என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். நல்லது தோன்றினால் அனுப்புங்கள்.

அன்புடன்,
யாழ்ப்பாணத்திலிருந்து