சங்கீதம் 109-ஐச் சொல்லி ஜெபிக்கலாமா?

தென்காசிக்காரி:
எங்கள் சபையில் ஒரு அம்மாவிடம் சீட்டு போட்டிருந்தேன். வீட்டுக்காரர் இறந்தபின் தையலில் சேர்த்த காசு. சீட்டு முடிந்ததும் இன்றைக்கு, நாளைக்கு என்றார். இப்போது போனையே எடுப்பதில்லை. ஆனால் ஞாயிறு ஆராதனையில் எனக்கு முன் பெஞ்சில்தான் உட்காருகிறார். திருவிருந்துக்கும் பக்கத்தில் பக்கத்தில்தான் முழங்கால் போடுகிறோம்.

ராத்திரி ஜெபத்தில் சங்கீதம் 109தான் வாயில் வருகிறது. அதில் எதிராளியின் பிள்ளைகள் திக்கற்றுப் போகட்டும், மனைவி விதவையாகட்டும் என்று வரும் இடத்தில் மட்டும் நாக்கு எழவில்லை. நானே விதவை. அவருடைய சின்ன மகள் ஞாயிறு பள்ளிக்குப் போட்டு வரும் பாவாடை நான் தைத்தது. எங்கள் ஐயரம்மா (போதகரின் மனைவி) "மன்னித்துவிடு" என்பதோடு முடித்துக்கொள்கிறார். நியாயம் கேட்பது பாவமா?

சமாதானம்:
"உங்கள் சத்துருக்களைச் சிநேகியுங்கள்" என்ற மத்தேயு 5:44 வாசியுங்கள் சகோதரி. கசப்பு வேண்டாம். உங்களுக்காக ஜெபிக்கிறேன்.

கடலோரத்தான்:
நாங்கள் கத்தோலிக்கர். 1971இல் புதுப்பித்த திருப்புகழ்மாலையில், அதாவது எங்கள் அன்றாடச் செபப் புத்தகத்தில், சாபம் வருகிற 58, 83, 109 ஆகிய மூன்று திருப்பாடல்களையும் (நீங்கள் சொல்லும் சங்கீதங்கள்) முழுதாகவே விட்டுவிட்டார்கள். ஆனால் விவிலியத்தில் அவை அப்படியேதான் இருக்கின்றன. தனிச் செபத்தில் அழுது சொல்ல யாரும் தடை போடவில்லை, அக்கா.

பழைய உபதேசியார்:
பாவமில்லை, தங்கச்சி. சிநேகம் காட்டியவர்களே பகையாகிவிட்டார்கள் என்ற வேதனையில்தான் அந்தச் சங்கீதமே தொடங்குகிறது. உன் நிலைமையும் அதுதானே. அதைப் பாடியவன் கையை ஓங்கவில்லை, கர்த்தரிடம் போய் முறையிடுகிறான். பவுலும் தனக்குத் தீமை செய்த கன்னான் அலெக்சந்தரைப் பெயர் சொல்லியே கர்த்தரிடம் விட்டார்.

லூக்கா 18இல் வரும் விதவையைப் பார். "எனக்கு நியாயம் செய்யும்" என்று விடாமல் கேட்கிறாள். அவளை அடக்கமாக இரு என்று இயேசு சொல்லவில்லை, ஜெபத்துக்கே அவளைத்தான் உதாரணம் காட்டினார். அவள் நியாயாதிபதியின் வாசலுக்கும் நடந்தாள், அதை மறந்துவிடாதே. சபைக்குள் பேசித் தீர்க்கலாம் என்று உன்னை இழுத்தடிக்க விடாதே. போலீசில் புகார் கொடு.

அடுத்த அதிகாரத்திலேயே வரி வசூலிக்கிற சகேயு வருகிறான். அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவேன் என்கிறான். அந்த அம்மாவுக்கும் அந்த மனசு வரட்டும் என்று கேள். பிள்ளைகளைச் சபிக்காமலே உன் நியாயத்தைக் கேட்கலாம்.

தென்காசிக்காரி:
சகேயு ஜெபம் என்னால் முடியும், அண்ணாச்சி. மன்னிப்பைப் பற்றி மட்டும் இப்போது யாரும் என்னிடம் கேட்காதீர்கள். அவர் கையெழுத்துப் போட்ட சீட்டு நோட்டு என்னிடம் இருக்கிறது. கொழுந்தனைக் கூட்டிக்கொண்டு திங்கட்கிழமை ஸ்டேஷனுக்குப் போகிறேன். நோட்டையே கொடுக்க வேண்டுமா?

பழைய உபதேசியார்:
ஜெராக்ஸ் கொடு, நோட்டு உன் கையில் இருக்கட்டும். புகாரைப் பதிவு செய்ததற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்பாதே.