ஓராண்டு தங்கினால் உள்மாநிலக் கட்டணமா?

நியூஜெர்சி அம்மா:
கிண்டி91 நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. வெளிமாநிலப் பிள்ளையாக இருந்தாலும் அரசு நடத்தும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் (யூசி) கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கலாமாம். முதலாண்டு மட்டும்தான் கூடுதல் கட்டணமாம், ஓராண்டு தங்கிவிட்டால் உள்மாநிலத்தவருக்கான குறைந்த கட்டணமாம். இதை நம்பி எத்தனை குடும்பங்கள் கடனில் விழப்போகின்றன? 24 வயது நிறையாத மாணவரின் பெற்றோர் வெளிமாநிலத்தில் இருந்தால், அந்த மாணவர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று நிரூபிக்க வேண்டும். நாம் அனுப்பும் பணத்தில் படிக்கிற பிள்ளை அதை எப்படி நிரூபிக்கும்? 2025-இல் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வெளிமாநிலக் கூடுதல் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 37,602 டாலர். நான்கால் பெருக்கிப் பாருங்கள்.

கிண்டி91:
விதியில் 366 நாள் அந்த மாநிலத்தில் தங்க வேண்டும் என்று இருக்கிறது. எனக்கும் படிக்கத் தெரியும் அம்மா. தனியார் கல்லூரிகளுக்கு வக்காலத்து வாங்குவது உங்கள் வழக்கம். நான் கிண்டியில் அரசுப் பணத்தில் படித்து இந்த நாட்டுக்கு வந்தவன். நன்கொடை கொடுத்து இடம் வாங்கியவர்களுக்கு அரசுக் கல்லூரியின் அருமை தெரியாது.

நியூஜெர்சி அம்மா:
யாரைச் சொல்கிறீர்கள்? நான் நன்கொடை கொடுத்துப் படித்தவள் இல்லை. 366 நாள் என்பது முதல் நிபந்தனை, அடுத்த பத்தியையும் படியுங்கள். என் மகள் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் ஒரு அரசுப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிறாள். அந்த மாநில ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பதிவு, வீட்டு ஒப்பந்தம், பன்னிரண்டு மாத மின்கட்டண ரசீது எல்லாவற்றையும் ஒரு நீலக் கோப்பில் அடுக்கிக்கொண்டு உள்மாநிலக் கட்டணம் கேட்டு அலுவலகத்துக்குப் போனாள். அங்கிருந்தவர் அவற்றைப் புரட்டக்கூட இல்லை. எங்கள் வருமானவரிப் படிவத்தைக் கேட்டார். எங்களைச் சார்ந்தவர்கள் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. ஐந்து நிமிடத்தில் கோப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

டாலஸ்வாசி:
மிசூரியில் 12 மாதம் தங்கி, அங்கேயே வேலை பார்த்து 2,000 டாலர் சம்பாதித்தால் உள்மாநில மாணவராக மாற வழி இருக்கிறதே?

கிண்டி91:
கேட்டீர்களா? ஓராண்டுதான்.

நியூஜெர்சி அம்மா:
மிசூரி வேறு, கலிஃபோர்னியா வேறு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு விதி. பேச்சை மாற்றாதீர்கள்.

சான் ஹோசேக்காரன்:
நீங்கள் இருவரும் சண்டை போடுவதே வீண். கலிஃபோர்னியாவில் வரி கட்டுவது நாங்கள். எங்கள் பிள்ளைகளுக்கு யூசியின் பெர்க்லி வளாகத்தில் இடம் கிடைக்கவில்லை, வெளிமாநிலத்தார் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். 2017-இல் வெளியாருக்குச் சில வளாகங்களில் 18 சதவீதம் என்று வரம்பு வைத்தார்கள், பெர்க்லிக்கு அதைவிடக் கூடுதல். 18 சதவீதமே அதிகம்.

நியூஜெர்சி அம்மா:
சும்மா வந்து உட்காரவில்லை ஐயா, 37,602 டாலர் கூடுதலாகக் கொடுத்துவிட்டுத்தான் உட்காருகிறோம். உங்கள் மாநிலத்தின் ‘கால் கிராண்ட்’ (Cal Grant) உதவித்தொகையும் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடையாது. இதனால்தான் தனியாரையும் பாருங்கள் என்று தொண்டை வறளச் சொல்கிறேன். அங்கே எந்த மாநிலத்துப் பிள்ளைக்கும் பெரும்பாலும் ஒரே கட்டணம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் 2001-லேயே நிதியுதவியில் கடனை நீக்கிவிட்டு மானியமாகக் கொடுக்க ஆரம்பித்தது. ஹார்வர்டில் 2025 முதல், வழக்கமான சொத்து உள்ள குடும்பத்தின் வருமானம் 2 லட்சம் டாலர் வரை இருந்தால் கல்விக் கட்டணமே இல்லை.

கிண்டி91:
ஹார்வர்டில் நூற்றுக்கு ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை. ஊரில் உள்ள பிள்ளைகள் எல்லாம் ஹார்வர்டுக்கா போகிறார்கள்?

புதிய அப்பா:
மன்னிக்கவும், ஒரு சந்தேகம். நிதியுதவிக்காகத் தனியார் கல்லூரிகள் பல கேட்கும் சிஎஸ்எஸ் படிவத்தில் சொந்த வீட்டின் மதிப்பையும் எழுதச் சொல்கிறார்களே? எங்களிடம் இருப்பதே அந்த ஒரு வீடுதான்.

கிண்டி91:
வீட்டைக் கணக்கில் சேர்த்தால் உங்களுக்கு மானியமும் வராது, ஒன்றும் வராது. அம்மா இதைச் சொல்லமாட்டார். போன ஆண்டு வீட்டுக்கடன் விவாதத்திலும் பாதியைச் சொல்லிப் பாதியை மறைத்தார்.

நியூஜெர்சி அம்மா:
போன ஆண்டு நான் சொன்னதுதான் நடந்தது, தேடிப் பாருங்கள். புதிய அப்பா, நீங்கள் பயப்படாதீர்கள். வீட்டு மதிப்பை எல்லாக் கல்லூரியும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதில்லை. மத்திய அரசின் மாணவர் நிதியுதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகளின் இணையதளத்தில், உதவி போக நாம் கட்ட வேண்டியதைக் காட்டும் நிகரச் செலவுக் கணிப்பான் இருக்கிறது, 2011 முதல் அது சட்டப்படி கட்டாயம். உங்கள் வருமானத்தைப் போட்டுப் பாருங்கள், பிறகு அரசா தனியாரா என்று யோசியுங்கள். கிண்டி91, நான் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. பெற்றோர் பணத்தில் படிக்கும் பிள்ளைக்கு எப்படிக் கட்டணம் குறையும்?

கிண்டி91:
366 நாள். பத்து முறை கேட்டாலும் அதுதான்.

நியூஜெர்சி அம்மா:
உங்கள் மகன் வெளிமாநிலக் கட்டணம் ஒரு நாளாவது கட்டியிருக்கிறானா? நீங்கள் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் பதினைந்து ஆண்டாகக் குடியிருப்பதாக நீங்களே இங்கே எழுதியிருக்கிறீர்கள்.

கிண்டி91:
என் குடும்பத்தை இழுக்க வேண்டாம்.

சான் ஹோசேக்காரன்:
ஃப்ரீமான்ட்டில் இருந்துகொண்டா வெளிமாநிலத்தாரைக் கூப்பிடுகிறீர்கள்? உங்களைப் போன்றவர்களால்தான் என் மகளுக்கு இடம் போனது.

நியூஜெர்சி அம்மா:
அந்த இரண்டாவது பத்தி, கிண்டி91. காத்திருக்கிறேன்.